சபிதாவின் தொண்டை

சபிதா இந்தியப் பெண்கள் ரக்பி அணிக்குக் கேப்டனானதற்கு முதல் காரணம் அவள் கால்கள் அல்ல, தொண்டை. இதை அவளே எல்லாரிடமும் சொல்வாள்.

திருவட்டாறு சந்தையில் அவள் அப்பா தாணுலிங்கத்துக்குப் பலசரக்குக் கடை. கடையின் முன்னால் நின்று அவள் கூப்பிட்டால் ஆற்றங்கரையில் குளித்துக்கொண்டிருப்பவன் தலை துவட்டாமல் ஓடிவருவான். பள்ளிக்கூடத்தில் பிரேயர் சொல்ல அவளுக்கு மைக் வைத்ததில்லை. கல்லூரியில் நானூறு மீட்டர் ஓடினாள். ஓட்டத்தில் பெரிய பெயர் ஒன்றும் இல்லை. புவனேஸ்வரத்தில் ஒரு போட்டியில் ஆறாவதாக வந்து, ஷூவைக் கழற்றி வைத்துக்கொண்டு மைதானத்து ஓரம் உட்கார்ந்திருந்தபோதுதான் பக்கத்து மைதானத்தில் ஒரு ரக்பி அணிக்கு ஆள் குறைந்தது. ஓடத் தெரிந்தால் போதும் என்று ஒரு அம்மாள் இந்தியில் சொன்னாள். அந்த இந்தியில் சபிதாவுக்குப் புரிந்தது ஓட்டம் என்ற ஒரு சொல்தான். போய் நின்றாள்.

மட்டை உரிக்காத தேங்காய் மாதிரி ஒரு பந்தைக் கையில் கொடுத்தார்கள். அவள் அதை வாங்கி நாலடி ஓடி, முன்னால் நின்றவளுக்கு எறிந்தாள். விசில் ஊதினார்கள். இந்த ஆட்டத்தில் முன்னோக்கி ஓடலாம், ஆனால் கையால் எறிவது பின்னோக்கித்தான் எறிய வேண்டும் என்று சைகையில் விளக்கினார்கள். இரண்டாம் முறை பந்து கிடைத்தபோது யாருக்கும் எறியவே இல்லை. வழியில் வந்த மூன்று பேரைச் சுற்றிக்கொண்டு ஓடி, எல்லைக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்தாள். அதற்குப் பெயர் ட்ரை என்றும் அதற்கு ஐந்து புள்ளி என்றும் பிறகு சொன்னார்கள். அன்று ராத்திரி ரயிலில் ஊர் திரும்பும்போது உடம்பில் வலிக்காத இடம் காது மட்டுந்தான். ஆனாலும் அவளுக்குச் சிரிப்பு நிற்கவில்லை.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வே வேலை, மாநில அணி, பிறகு இந்திய அணி. ஏழு பேர் ஆடும் ரக்பியில் ஒரு பாதி ஏழு நிமிடம். அந்த நேரத்துக்குள் ஏழு பேரும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொண்டே ஓட வேண்டும். இந்திய அணியிலோ ஒடியா பேசுகிறவள், வங்காளி, மராத்தி, பீகார்காரி என்று எல்லாரும் இருந்தார்கள். தாஷ்கண்டில் கொட்டுகிற மழையில் ஓர் ஆட்டம். கேப்டனுக்கு முட்டி பிசகித் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். யார் என்ன சொல்கிறார்கள் என்று யாருக்கும் விளங்கவில்லை. சபிதா தன்னையறியாமல் சந்தைக் குரலில் கத்தத் தொடங்கினாள்.

"எடத்தோட்டு! ஏட்டி, எடத்தோட்டு! பொறத்தே நான் நிக்கேன், இங்கோட்டுப் போடு!"

அர்த்தம் தெரியாவிட்டாலும் அந்தச் சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் பந்து வந்தது. ஆட்டத்தில் ஜெயித்தார்கள். அணியின் பயிற்சியாளர் பிஜித் தீவுக்காரர். மழையிலும் காற்றிலும் தன் காதுக்கு எட்டிய ஒரே குரல் இதுதான் என்று சொல்லி, அடுத்த தொடரிலேயே அவளைக் கேப்டனாக்கிவிட்டார். ஒரு வருஷத்துக்குள் இந்திய அணி முழுவதும் இடதுக்கு எடத்தோட்டு, வலதுக்கு வலத்தோட்டு, பின்னாலுக்குப் பொறத்தே என்று கூப்பிட்டு ஆடியது. எதிரணிகள் எங்கிருந்தெல்லாமோ மொழிபெயர்ப்பாளர் வைத்துப் பார்த்தும் ஒன்றும் தேறவில்லை. ஒடியாக்காரி ஒருத்தி தன் கல்யாண வீட்டில் மாமியாரை, சின்னப் பெண்ணைக் கூப்பிடுகிற மாதிரி 'ஏட்டி' என்று மைதானக் குரலில் விளித்து வாங்கிக் கட்டிக்கொண்ட கதையும் உண்டு.

தோள்மூட்டு மூன்றாம் முறை நழுவியபோது ஆட்டத்தை விட்டாள். நாகர்கோவில் ரயில் நிலையத்துக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு, பயிற்சியாளர் படிப்பையும் முடித்துக்கொண்டு ஊர் வந்தாள். கணவன் மகேஷ்குமாருக்கு மணவாளக்குறிச்சியில் எலக்ட்ரிக் கடை. வளைகுடாவில் சம்பாதித்து வந்து போட்ட கடை. அதன் பக்கத்திலேயே வீடு. மாவட்டப் பெண்கள் அணியை அவளிடம் ஒப்படைத்தார்கள்.

அணியில் எல்லாரும் வேலைக்குப் போகிற பெண்கள். கேப்டன் ராஜி திருவட்டாறு பக்கம் கூட்டுறவு வங்கியில் கிளார்க். அவள் பேசினால் கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிற்பவர் காதைக் கொண்டுபோய்க் கம்பியில் வைக்க வேண்டும். சொன்னதைக் கேட்கிறவள் என்பதற்காகத்தான் சபிதா அவளைக் கேப்டனாக்கியிருந்தாள். அஞ்சு என்கிற பெண் ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கிறாள். இரண்டு கம்பத்துக்கும் நடுவே பந்தை உதைத்து அனுப்புவது அவள் பொறுப்பு. வாயும் அவளுக்குத்தான் பெரிது.

சாயங்காலம் பள்ளிக்கூட மைதானத்தில் பயிற்சி. சபிதா வெளிக்கோட்டில் நின்று கத்துவாள், அவர்கள் ஆடுவார்கள். பந்து போகிற இடத்துக்கு அதற்கு முன்பே அவள் குரல் போய்ச் சேரும். ஆட்டம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. மாவட்ட அணிகளுக்கான மாநிலப் போட்டி நாகர்கோவிலில் நடக்கப்போகிறது, இந்தத் தடவை கோப்பை நமக்குத்தான் என்று மகேஷ்குமார் கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லியும் வைத்திருந்தான்.

ஒரு சனிக்கிழமை பயிற்சி ஆட்டத்தின் நடுவில், "வலத்தோ" என்பதோடு அவள் குரல் நின்றது. மிச்சம் வரவில்லை. சளி என்று நினைத்துச் சுக்குக் காப்பி குடித்தாள். காலையில் எழுந்து மகேஷ்குமாரைக் கூப்பிட்டாள். வெறும் காற்றுத்தான் வந்தது. துப்பினால் லேசாக ரத்தம். மகேஷ்குமார் பயந்துபோய் அவளைக் காரில் ஏற்றி நெய்யூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான்.

டாக்டர் ஞானசிங் மூக்கு வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார். பார்த்துக்கொண்டே கேட்டார்.

"என்ன வேலை பாக்குதிய?"

மகேஷ்குமார் பதில் சொன்னான். "ரக்பி கோச்சு, டாக்டர். இந்தியா டீமுக்குக் கேப்டனா இருந்தவ."

"அப்படிச் சொல்லும். நான் மீன் ஏலம் விடுதவங்களாக்கும்னு நினைச்சேன். தொண்டையில நரம்பு பொட்டி ரத்தம் கட்டிக் கெடக்கு. ரெண்டு வாரம் ஒரு வார்த்தை பேசப்பிடாது. குசுகுசுன்னும் பேசப்பிடாது, அது இன்னும் கெடுதல். கேட்டியளா?"

சபிதா கேட்டேன் என்று சொல்ல வாயைத் திறந்தாள். டாக்டர் கையைக் காட்டி அடைத்தார்.

போட்டி இரண்டாம் வாரக் கடைசியில். அவளுக்கு அழுகை வந்தது. சத்தம் போட்டு அழவும் கூடாது என்றபோது கோபம் வந்தது.

வீட்டில் வேறு மாதிரி வேடிக்கை. அவள் அம்மா ஓமனா தினமும் போன் செய்து, மகள் பதில் சொல்ல முடியாது என்பதைத் தெரிந்துகொண்டே, அரை மணி நேரம் தனியாகப் பேசிவிட்டு, "சரி மக்கா, உனக்க கூடப் பேசினது மனசுக்கு எதமா இருக்கு" என்று வைத்துவிடுவாள். மகேஷ்குமார் தன்னை மொழிபெயர்ப்பாளராக நியமித்துக்கொண்டான். பால்காரரிடம் அவள் இரண்டு விரல் காட்டினால், "இனி ரெண்டு நாளைக்குப் பால் வேண்டாம்" என்பான். அவள் முறைத்தால், "கோவமா இருக்கா, நாளைக்கும் வேண்டாம்" என்பான்.

டாக்டர் விசிலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அதை நினைத்துக்கொண்டு சபிதா மைதானத்துக்குப் போனாள். ஒரு விசில் இடது, இரண்டு விசில் வலது, நீள விசில் பின்னால் என்று வாட்ஸாப் குழுவில் எழுதிப் போட்டிருந்தாள். ஆனால் பயிற்சி ஆட்டத்துக்கு நடுவராக நின்ற பி.டி. மாஸ்டரும் விசில்தான் ஊதினார். எது யாருடையது என்று தெரியாமல் ஒவ்வொரு விசிலுக்கும் ஆட்டம் நின்றது. கால் மணி நேரத்தில் பந்து பத்தடி நகரவில்லை.

"அக்கா, வேப்பமூடு ஜங்ஷன்ல டிராபிக் போலீசுக்கு முன்னால நிக்க மாதிரி இருக்கு" என்றாள் அஞ்சு.

பி.டி. மாஸ்டர் வந்து பணிவாகக் கையை நீட்டி விசிலை வாங்கிக்கொண்டார். மறுநாள் கைச்சைகை. அவள் தன் இடது கையை வீசினாள். அவளுக்கு எதிரே நின்றவர்களுக்கு அது வலது. பாதிப் பேர் அங்கே ஓட, பாதிப் பேர் இங்கே ஓட, பந்து நடுவில் தனியாகக் கிடந்தது.

சபிதா கையைக் கட்டிக்கொண்டு சும்மா நின்றாள். சும்மா நின்று அவள் ஆட்டத்தைப் பார்த்தது அன்றுதான் முதல் தடவை. ஒரு பாஸ் போனது. உடனே ஏழு தலையும் வெளிக்கோட்டுப் பக்கம், அவளை நோக்கித் திரும்பின. அடுத்த பாஸ். மறுபடியும் ஏழு தலை. முன்னால் பெரிய வெளி திறந்து கிடக்க, அதைப் பார்க்காமல் ராஜி அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு பந்தோடு நின்றாள்.

இந்திய அணியில் ஆடிய அத்தனை வருஷமும் தான் ஒரு தடவைகூட வெளிக்கோட்டைத் திரும்பிப் பார்த்ததில்லை என்பது சபிதாவுக்கு நினைவு வந்தது. பார்க்க நேரம் இருந்ததில்லை. இவர்களை இப்படித் திரும்ப வைத்தது யார் என்று யோசிக்க அதிக நேரம் ஆகவில்லை. தான் இன்னும் கோச்சாகவே ஆகவில்லை, கோட்டுக்கு வெளியே நின்றுகொண்டு எட்டாவது ஆளாகக் கேப்டன் விளையாட்டுத்தான் ஆடிக்கொண்டிருக்கிறோம் என்று தோன்றியது. அவமானமாக இருந்தது. கொஞ்சம் சிரிப்பாகவும் இருந்தது. பேச முடிந்திருந்தால் இதை இரண்டு வார்த்தை பேசி மறந்திருப்பாள். பேச முடியாததால் அது உள்ளேயே கிடந்து சுற்றிக்கொண்டிருந்தது.

அடுத்த நாள் பயிற்சி தொடங்கியதும் அவள் மைதானத்தை விட்டு வெளியே நடந்தாள். சைக்கிள் ஷெட்டுக்குப் பின்னால், மதிலுக்கு மறைவில் ஒரு கல்லில் உட்கார்ந்துகொண்டாள். முதலில் ஒரு சத்தமும் இல்லை. பிறகு, "அக்கா எங்கே போனா?", "பாத்ரூமுக்கா இருக்கும்", "வரட்டு, நிப்போம்" என்றெல்லாம் கேட்டது. யாரும் வரவில்லை என்று ஆனபிறகு ராஜியின் குரல் மெலிசாக வந்தது.

"அஞ்சு, கிட்டே வா. நான் பேசுகது கேக்குதா? கேக்குத தூரத்திலயே நில்லு."

சபிதா மதிலின் மேல் எட்டிப் பார்த்தாள். ராஜிக்குக் கத்த வராது. அதனால் அவள் சொல்வதைக் கேட்க மற்றவர்கள் அவளுக்குப் பக்கத்திலேயே ஓட வேண்டியிருந்தது. பக்கத்தில் ஓடினதால், ஒருத்தி பிடிபட்டு விழுவதற்கு முன் பந்தை வாங்க இன்னொருத்தி தயாராக இருந்தாள். மாதக்கணக்காகச் சபிதா தொண்டை கிழியக் கத்தியும் வராத காரியம் அது. அவள் கல்லில் உட்கார்ந்து, ஒருத்தரும் பார்க்காத இடத்தில், கையைத் தட்டாமல் தட்டினாள்.

நாகர்கோவில் ஸ்டேடியத்தில் போட்டி. முதல் நாள் இரண்டு ஆட்டமும் ஜெயித்தார்கள். பயிற்சியாளருக்கு ஒதுக்கிய கட்டத்துக்குள் நிற்பது சபிதாவுக்கு நெருப்பில் நிற்பது போல இருந்தது. வாயைப் பொத்திக்கொண்டு குதித்ததில் இரண்டு தடவை மைதானத்துக்குள் கால் வைத்துவிட்டாள். இன்னொரு தடவை வைத்தால் வெளியே அனுப்புவோம் என்று அதிகாரி எச்சரித்தார். ஞாயிற்றுக்கிழமை இறுதி ஆட்டத்துக்கு அவளே முந்திக்கொண்டாள். உதவிக்கு இருந்த பெண்ணிடம் தண்ணீர் பாட்டில்களை ஒப்படைத்துவிட்டு, தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு பார்வையாளர் கேலரியில் போய் உட்கார்ந்தாள்.

பக்கத்தில் கடலைப் பொட்டலத்தோடு ஒருவர். ரிட்டயர்ட் கண்டக்டர் முத்துநாயகம் என்று அவராகவே சொல்லிக்கொண்டார்.

"கோயம்புத்தூர் டீமுக்க கோச்சைப் பாத்தியளா, கோட்டோரமா நின்னு தொண்ட கீறுகாரு. நம்ம டீமுக்க கோச்சு எங்கே? பயந்து வீட்டுக்குப் போயாச்சு" என்றார்.

சபிதா பல்லைக் கடித்தாள்.

"பெரிய ஆளாம், இந்தியாவுக்கே கேப்டனாம். வெளையாடுகதுக்குத் தெரிஞ்சா போருமா? சொல்லிக்குடுக்கத் தெரியாண்டாமா? கடலை வேணுமா?"

அவள் கடலையை வாங்கிக்கொண்டாள். வேறு என்ன செய்ய.

கோவை அணி முதலில் ட்ரை போட்டது. அதற்கு மேல் உதைத்து எடுக்கிற இரண்டு புள்ளியும் கிடைத்து ஏழு ஆனது. பிறகு ராஜி தன் மெலிந்த குரலை வைத்துக்கொண்டு அணியை ஒரு கொத்தாக நகர்த்திக்கொண்டு போனாள். கை மாறி, கை மாறி, கடைசியில் அஞ்சு கோட்டைத் தாண்டினாள். உதைத்து இரண்டையும் சேர்த்தாள். இரண்டாம் பாதியில் கோவை இன்னொரு ஏழு. நம்மவர்கள் இன்னொரு ட்ரை. இந்தத் தடவை அஞ்சு உதைத்தது கம்பத்துக்கு வெளியே போனது. கம்பத்துக்கு நேர் முன்னால் இருந்து உதைத்த பந்து அது. கவனமில்லாத கழுதை என்று சபிதா மனத்துக்குள் திட்டினாள். பதினாலுக்குப் பன்னிரண்டு.

கடைசி நிமிடத்தில் கோவைக்காரி ஒருத்தி தப்புச் செய்ய, நமக்குப் பெனால்டி கிடைத்தது. கம்பத்துக்கு எதிரே, பக்கத்தில். உதைத்துப் போட்டால் மூன்று புள்ளி, ஆட்டம் முடிந்தது. சபிதா எழுந்து நின்றுவிட்டாள். கோலுக்கு அடி என்ற சொல் தொண்டை வரை வந்து முட்டியது. தொப்பியை எடுத்து வாயில் கடித்துக்கொண்டாள்.

ராஜி அஞ்சுவின் பக்கம் ஒரு முறை திரும்பினாள். பிறகு கம்பத்துக்கு உதைக்க விடாமல், பந்தைத் தானே காலால் லேசாகத் தட்டி எடுத்துக்கொண்டு ஓடினாள். இரண்டு பேர் அவள்மேல் விழுந்தார்கள். விழுந்துகொண்டே வலதுபக்கம் எறிந்தாள். அங்கே ஆள் இருந்தது. ஆனால் பந்து ஈரமாக இருந்ததோ என்னவோ, வாங்க வந்தவள் விரலில் பட்டு முன்னால் விழுந்தது. அது தப்பாட்டம், நேரமும் முடிந்திருந்தது. நீண்ட விசில். தோற்றுவிட்டார்கள்.

"கோலுக்கு அடிச்சிருந்தா ஜெயிச்சிருக்கும்" என்றார் முத்துநாயகம். "யாரும் சொல்லிக்குடுக்கல்ல, பாவங்கள்."

அவர் சொன்னதுதான் சரி என்று சபிதாவுக்கும் பட்டது. அதுதான் அதிகமாக வலித்தது.

அன்று ராத்திரி வாட்ஸாப் குழுவில், ஏன் கோலுக்கு அடிக்கவில்லை என்று எழுதினாள். பார்த்தால் திட்டுகிற மாதிரி இருந்தது. அழித்தாள். பக்கத்தில் ஒரு சிரிக்கிற முகம் சேர்த்து எழுதினாள். குத்திக்காட்டுகிற மாதிரி இருந்தது. அதையும் அழித்தாள். மகேஷ்குமார் எட்டிப் பார்த்துவிட்டு, "நல்லா ஆடினீங்கன்னு எழுதிட்டுக் கெடந்து உறங்கு" என்றான். அப்படியே எழுதினாள். நல்லாத்தான் ஆடியிருந்தார்கள், அதில் பொய் இல்லை.

திங்கட்கிழமை டாக்டரைப் பார்க்க வேண்டும். மகேஷ்குமாருக்குக் கடையில் சரக்கு வருகிற நாள். ராஜி வங்கிக்கு லீவு போட்டுவிட்டு, ஸ்கூட்டரில் வந்து அவளை ஏற்றிக்கொண்டு போனாள். வழியெல்லாம் இருவரும் பேசவில்லை. ஒருத்தி பேச முடியாமல், இன்னொருத்தி பேசப் பயந்து.

ஞானசிங் மறுபடி குழாய் விட்டுப் பார்த்து, ஆறிவிட்டது என்றார்.

"இனிப் பேசலாம். பையப் பேசணும். ஆனா கத்துகது இதோட நிறுத்திக்கிடணும். இனியொரு தடவை பொட்டினா நானும் ஒண்ணும் செய்ய முடியாது, பாத்துக்கிடுங்க."

"எப்பவுமேயா?" என்றாள் சபிதா. இரண்டு வாரத்துக்குப் பிறகு வந்த குரல் யாரோ ஒருத்தியின் குரலைப் போல அவளுக்கே கேட்டது.

"எப்பவுமே."

வெளியே வந்து வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தார்கள். சந்தைக்கும் தாஷ்கண்டுக்கும் எட்டிய குரல் இனி இல்லை. அழ வேண்டும் போல வந்தது. அது வருவதற்குள், ராத்திரி எழுதி அழித்த கேள்வி முந்திக்கொண்டது.

"ராஜி, ஒண்ணு கேட்டா நெசம் சொல்லுவியா? ஏன் கோலுக்கு அடிக்கல்ல?"

ராஜி ஸ்கூட்டர் சாவியை விரலில் சுற்றினாள். "ஏசுவியளா?"

"ஏசுகதுக்கு எனக்குத் தொண்டையில்லை. சொல்லு."

"அஞ்சுக்க கால்ல மொதல் பாதியிலேயே ஒருத்தி ஏறி மிதிச்சிட்டா, அக்கா. பெருவிரல் வீங்கிப் போச்சு. என்கிட்டே மட்டும்தான் சொன்னா. நீங்க அறிஞ்சா வெளியே எடுத்திருவியன்னு சத்தியம் வாங்கிட்டா. ரெண்டாவது உதைச்சது வெளியே போச்சே, அப்பவே நான் நினைச்சேன், இனி இவளை உதைக்கச் சொல்லப்பிடாதுன்னு. வேற யாரும் அங்கேயிருந்து அடிச்சுப் பழகினதில்ல. ஓடினா ஒரு வழி உண்டுன்னு தோணிச்சு."

சபிதா நினைத்துப் பார்த்தாள். கோட்டோரத்தில் நின்றிருந்தால் கோலுக்கு அடி என்று ஊர் கேட்கக் கத்தியிருப்பாள். ராஜி அதைக் கேட்டிருப்பாள், சொன்னதைக் கேட்கிறவள்தானே. வீங்கின விரலோடு அஞ்சு உதைத்திருப்பாள். பந்து எங்கே போயிருக்கும் என்று யாருக்குத் தெரியும். அந்தக் கால் என்ன ஆகியிருக்கும் என்பது மட்டும் தெரியும்.

"நான் செஞ்சது தப்பா அக்கா?"

"இல்லை மக்கா. நானா இருந்தாலும் ஓடியிருப்பேன்." அப்படிச் சொன்ன பிறகுதான் அது உண்மை என்பது அவளுக்குத் தெரிந்தது. "ஆனா கால் வீங்கினதை என்கிட்டே மறைச்சதுக்கு ரெண்டு பேருக்கும் தனியா ஏச்சு உண்டு. வண்டியை எடு."

துணிக்கடையில் அஞ்சு ஒரு கல்யாணக் கூட்டத்துக்குச் சேலை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். ஒரு காலில் செருப்பு இல்லை. இவர்களைக் கண்டதும் அந்தக் காலைச் சேலைக் குவியலுக்குள் நுழைத்துக்கொண்டாள். முதலாளியிடம் சபிதா மெதுவாகப் பேசினாள். என்ன சொல்கிறாள் என்று கேட்க அவர் குனிந்தார், குனிந்த வாக்கில் தலையை ஆட்டிவிட்டார். ஸ்கூட்டரில் மூன்று பேர் போகக் கூடாது என்று சொல்லி, சபிதா அஞ்சுவை மட்டும் ஏற்றிக்கொண்டு ஓட்ட, ராஜி பின்னால் பஸ்ஸில் வந்தாள்.

நெய்யூரில் எக்ஸ்ரே வரிசை நீளமாக இருந்தது. பெருவிரலில் மெல்லிய விரிசல் இருக்கலாம், படம் எடுத்தால்தான் தெரியும் என்றார்கள். மூன்று பேரும் ஒரே பெஞ்சில் நெருக்கி உட்கார்ந்தார்கள். ராஜி வாங்கி வந்த பழபஜ்ஜி காகிதத்தில் எண்ணெய் ஊறிக் கிடந்தது.

"அடுத்த மேட்ச் மதுரையில" என்றாள் சபிதா. "கிக்காஃபுக்குப் பொறகு நீங்க ரெண்டு பேரும் ரொம்ப உள்ளே தள்ளி நிக்குதிய. மேலேயிருந்து பாத்தப்பதான் தெரிஞ்சுது. வெளியே ஒரு லாரி போகத்தக்க இடம் சும்மா கெடக்கு."

"என்ன? கேக்கல்லக்கா."

"கிட்டே வா, சொல்லுகேன்."

அஞ்சு அவள் தோளில் சாய்ந்து காதைக் கொடுத்தாள். நழுவின அந்தத் தோளில்தான். சபிதா நகரச் சொல்லவில்லை. பஜ்ஜிக் காகிதத்தின் காய்ந்த மூலையில் ராஜியின் பேனாவால் மைதானத்தை வரைந்து, ஏழு புள்ளி வைத்து, ஒவ்வொரு புள்ளியாகக் காட்டிக்கொண்டே போனாள்.

"இவ்வளவு பையப் பேசினா எனக்கு உறக்கம் வரும் அக்கா" என்றாள் அஞ்சு.

"உறங்கு. உனக்க பேரை விளிக்கும்போ ராஜி எழுப்புவா" என்று சொல்லிவிட்டு, சபிதா பேனாவை ராஜியிடம் நீட்டினாள். "நீ எங்கே நிப்பே? நீயே போடு."

ராஜி வெகுநேரம் யோசித்துவிட்டு, சபிதா நினைத்திராத ஓர் இடத்தில் புள்ளி வைத்தாள்.